திட்டம் ராஜாளி

உலக நாகரிகத்துக்கு மிசிசிப்பி மாநிலத்தின் டக்கெட் மாவட்டம் வழங்கியிருக்கும் கொடைகள் இரண்டு. ஒன்று, வினிகரில் ஊறிய வெண்டைக்காய். மற்றொன்று, டக்கெட் மாவட்டத் தொழில் வளர்ச்சி மன்றம். முதலாவது கடைகளில் கிடைக்கிறது. வாங்கிச் சாப்பிட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவதைப் பற்றி நான்தான் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாக அதன் செயலாளர் நான். பெயர் டெல்மர் பிக்ஸ்.

மன்றத்தின் நோக்கம், 'வெளியிலிருந்து தொழில்களை ஈர்த்தல்'. தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'வெளியிலிருந்து' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறது. உள்ளூரில் இருப்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இருப்பவர்களை எப்படி ஈர்ப்பது? மாநில அரசு தரும் கட்டமைப்பு நிதி எங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. அதைச் சாலை, பாலம், தண்ணீர்க் குழாய் எதற்கும் செலவிடலாம். ஒரே நிபந்தனை, அது 'வரப்போகும்' தொழிலுக்காக இருக்க வேண்டும்.

எங்கள் சாதனைகளில் முதன்மையானது, நெடுஞ்சாலையோரம் உள்ள 'தயார்நிலைத் தொழில் மனை'. முந்நூறு ஏக்கர் பருத்திக் காட்டை வாங்கி, சமப்படுத்தி, வேலி போட்டு, 'எதிர்காலம் இங்கே வருகிறது' என்று ஒரு பிரம்மாண்டமான பலகையும் வைத்தோம். பதினான்கு ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. இதுவரை அங்கே குடியேறியிருப்பவை நெருப்பெறும்புகள் மட்டுமே. அவையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை என்பதால் மன்றத்தின் நோக்கத்துக்கு முரணாகாது.

உள்ளூர்க்காரர்களையும் நாங்கள் புறக்கணிப்பதில்லை. டானர் தெருவாசிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பழுப்பாக வருகிறது. ஆறு வருஷமாக அதை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்துக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு ஜாடிக்கும் நாங்கள் ரசீது கொடுக்கிறோம். ஒரு தடவை எங்கள் தலைவர் ஹோலிஸ் ரக்கர் அதைத் தேநீர் என்று நினைத்து டம்ளரில் ஊற்றி, ஐஸ் போட்டு, "டெல்மர், எலுமிச்சம்பழம் இருக்கா?" என்று கேட்டார். நான் பாய்ந்து பிடுங்கினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது.

"அடப்பாவி! இத மேஜ மேல வைக்கலாமா? யாராவது வெளியூர் முதலாளி வந்து பாத்தா மாவட்டத்தப் பத்தி என்ன நினைப்பான்?"

அன்று முதல் ஜாடிகளை அலமாரிக்குள் வைக்கிறேன். நிர்வாகச் சீர்திருத்தம் என்பது இப்படித்தான் படிப்படியாக நடக்கும்.

இன்னொரு உள்ளூர்க்காரர் மிஸ் ஒலீட்டா டென்சன். மில் ஓடைக்கு அக்கரையில் இருக்கும் டென்சன் ஊறுகாய்த் தொழிற்சாலை அவருடையது. நூற்றுப் பதினெட்டுப் பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். என் மனைவி டார்லாவும் அதில் ஒருத்தி. ஜாடி நிரப்பும் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. மில் ஓடைப் பாலம் ஐந்து டன்னுக்கு மேல் தாங்காது. ஆகவே ஊறுகாய் லாரிகள் இருபத்திரண்டு மைல் சுற்றிப் போகும். பாலத்தைப் பலப்படுத்தித் தரச்சொல்லி, பதினோரு வருஷமாக, ஒவ்வொரு ஜனவரியும் மிஸ் ஒலீட்டா ஒரு மனுவும் ஒரு ஜாடி வெண்டைக்காய் ஊறுகாயும் கொண்டுவந்தார். 'தங்கள் கோரிக்கை உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டு, உரிய இடத்தில் வைக்கப்பட்டுள்ளது' என்று பதினோரு தடவை பதில் எழுதினேன். உரிய இடம் என் மேஜையின் இடதுபக்க இழுப்பறை. ஊறுகாய் மட்டும் அன்றன்றே பைசல் செய்யப்பட்டது.

பன்னிரண்டாவது ஜனவரியில் அவர் வந்தபோது ஜாடி இல்லை.

"டெல்மர், எங்கிட்ட வாங்கற பெரிய கடைக்காரங்க கெடு வெச்சுட்டாங்க. லாரி நேரா வரணும், ரெட்டிப்பு சரக்கு வேணும், இல்லன்னா டிசம்பரோட கணக்க முடிச்சுக்கறாங்களாம். டென்னஸிக்காரங்க கூப்புடறாங்க. எனக்குப் போக மனசில்ல."

"மிஸ் ஒலீட்டா, உங்களுக்குச் செய்ய ஆசைதான். ஆனா நீங்க வரப்போற தொழில் இல்லையே!"

"நான் போகப்போற தொழில், தம்பி."

"அதுக்கு எங்ககிட்ட விண்ணப்பப் படிவம் இல்லைங்க."

அவர் கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தார். பிறகு சிரித்தபடி, "நல்லா இருங்க" என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே இப்படிச் சொன்னால் கொஞ்சம் பயப்படுவது நல்லது. எனக்கு அன்று மன்றத்தின் ஆண்டறிக்கையை முடிக்கும் அவசரம்.

அன்று மாலை பன்றி வறுவலைத் தட்டில் வைத்துக்கொண்டே டார்லா கேட்டாள்: "அப்ப நான் டென்னஸில போய் ரூம் எடுத்துத் தங்கட்டுமா? இல்ல, உன்னோட எதிர்காலம் பலகைக்குக் கீழ எறும்புங்களோட வேலைக்குச் சேரட்டுமா?"

"மன்றத்து விஷயத்த வீட்ல பேசக் கூடாது, டார்லா."

"பேச மாட்டேன். நூத்திப் பதினெட்டுப் பேருக்கு அடுத்த வருஷம் சமைக்கற வேலையே இருக்காது. நல்லா ஓய்வா பேசிக்கலாம்."

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் நான் அதிகாரப்பூர்வமான மனிதன். இரண்டாவது தடவை கிரேவி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் மாதத்தில்தான் மாவட்ட வரலாறு திசை திரும்பியது. அட்லாண்டாவிலிருந்து பிரெஸ்காட் கேல் என்ற ஆலோசகர் வந்தார். கம்பெனிகளுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது அவர் தொழில். மடிப்புக் கலையாத சட்டை. அவர் சொல்வது எதுவும் வாக்கியமாக முடிவதில்லை. இந்தத் துறையில் ஒரு புனிதமான மரபு உண்டு: வரப்போகும் கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது. கேட்பது, புதுமாப்பிள்ளையிடம் சம்பளச் சீட்டைக் கேட்பது போல. ஆகவே ஒரு மாற்றுப்பெயர் வைத்து, எல்லோரும் வாய்ப்பூட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாருக்கு என்று தெரியாமலே நிலம், வரிவிலக்கு, சாலை எல்லாவற்றையும் வாரி வழங்குவோம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள் பாதிரிமார்கள். நாங்கள் ஒருபடி மேலே போய், வாங்குகிற கையும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம்.

"என் வாடிக்கையாளர்..." என்றார் கேல், கூரையைப் பார்த்து.

"சொல்லவே சொல்லாதீங்க!" என்று தலைவர் பதறிக் காதைப் பொத்திக்கொண்டார். "திட்டத்துக்கு ராஜாளின்னு பேர் வெச்சிருக்கோம். போதும்."

கேல் கொடுத்த தேவைப் பட்டியலை மன்றம் அவசரக் கூட்டம் போட்டு ஆராய்ந்தது. நாளொன்றுக்கு இரண்டு லட்சம் காலன் தண்ணீர். டன்கணக்கில் உப்பு. மிதமான அமிலம் நிரப்பப் பெரிய தொட்டிகள். லட்சக்கணக்கில் கண்ணாடிக் கலன்கள். 'மூலப்பொருள் முழுக்கப் பசுமையானது'.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். டிராக்டர் வியாபாரத்தில் முப்பது வருஷம் பழுத்த மூளை அது. திடீரென்று மேஜையில் ஓங்கி அடித்தார்.

"பேட்டரி!"

"என்னது?" என்றார் வங்கிக்கார உறுப்பினர்.

"உப்பு, அமிலம், கண்ணாடி, பசுமை. கரண்ட் காருக்குப் பேட்டரி பண்றவன் வர்றான்யா! அதுவும் ஜெர்மன்காரன்."

"ஜெர்மன்னு எப்படிச் சொல்றீங்க?"

"இந்தக் கடுதாசியப் பாரு. நாலு பக்கம், ஒரு எழுத்துப் பிழை இல்ல. நம்மாளா இருக்க முடியுமா?"

வாதம் அசைக்க முடியாததாக இருந்தது. நான் மட்டும் ஒரு சந்தேகம் எழுப்பினேன்.

"தலைவரே, நூத்தி அம்பத்தெட்டுப் பேருக்கு வேலைன்னு போட்டிருக்கு. அதுல நூத்திப் பதினெட்டுப் பேர் ஏற்கெனவே பயிற்சி பெற்றவங்கன்னு எழுதியிருக்காங்களே?"

"அதான் ஜெர்மன்காரன்! பயிற்சி குடுத்துட்டுத்தான் ஊருக்குள்ளயே எறங்குவான்."

இந்த எண்ணை எங்கேயோ கேட்டதுபோல் எனக்கு இருந்தது. ஆனால் வாய்ப்பூட்டுப் பத்திரத்தில் யோசிப்பதும் அடங்குமா என்று தெரியாததால் நிறுத்திக்கொண்டேன்.

முதல் நிபந்தனை: தயார்நிலை மனை வேண்டாம், மில் ஓடைக்கு அக்கரையில்தான் இடம் வேண்டும். இரண்டாவது: ஓடைப் பாலம் நாற்பது டன் தாங்க வேண்டும், அதுவும் அக்டோபருக்குள். தீர்மானம் பதினோரு நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறியது. அதில் நான்கு நிமிடம் ஆரம்ப ஜெபம்.

இனி ஒரே ஒரு இடைஞ்சல்தான் பாக்கி. அக்கரையில் ஊறுகாய்த் தொழிற்சாலை இருந்தது. மாபெரும் பேட்டரிக் கம்பெனி பக்கத்து இடத்தைப் பார்வையிட வரும் அன்று வினிகர் நெடி அடித்தால் மாவட்டத்தின் மானம் என்ன ஆவது? தலைவரும் நானும் மிஸ் ஒலீட்டாவைப் பார்க்கப் போனோம். அவர் தலையில் வலையும் இடுப்பில் ஏப்ரனுமாக, கொதிகலன் பக்கத்தில் நின்றிருந்தார். சற்றுத் தள்ளி ஜாடிகளுக்கு நடுவே டார்லா, எங்களைப் பார்க்காதவள்போல் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ் ஒலீட்டா, வர்ற வியாழக்கெழம ஒரு முக்கியமான விருந்தாளி வர்றாங்க. யாருன்னு சொல்ல முடியாது" என்றார் தலைவர்.

"கேக்க மாட்டேங்க."

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் இந்தக் கொதிகலன அணைச்சு வெக்கணும். வாடை பாருங்க..."

"அணைச்சிடறேன். அப்புறம்?"

"ரோட்டோரம் உங்க பலகை... பெயிண்டெல்லாம் உதிர்ந்து, ஒரு வெண்டைக்கா படம் வேற. தப்பா நினைக்காதீங்க. மறைச்சா நல்லாருக்கும்."

"தார்ப்பாய் போட்டு நானே மூடறேன். ஒரு நாளைக்கா?"

"அவங்க எப்ப வேணாலும் திரும்ப வரலாம். விழா முடியற வரைக்கும் மூடியே இருக்கட்டும்."

"அதுக்கென்ன, பெரிய விருந்தாளிக்காக இதுகூடச் செய்யக் கூடாதா? கயிறு கட்டி, இழுத்தா அவுந்துக்கற மாதிரியே கட்டி வெக்கறேன்." பிறகு தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா இருங்க ஹோலிஸ், ரொம்ப நல்லா இருங்க" என்றார்.

திரும்பும் வழியில் தலைவர் நெகிழ்ந்துபோனார். "தங்கமான பொம்பள. அடுத்த வருஷம் டென்னஸிக்குப் போறப்ப மன்றத்து சார்பா ஒரு வழியனுப்பு விழா வெக்கணும், டெல்மர். குறிச்சுக்கோ."

குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கேல் மட்டும் தனியாக வந்தார். வாடிக்கையாளர் 'அருகிலிருந்தே கவனித்துக்கொண்டிருப்பதாக' சொன்னார். ஜெர்மனியிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கவனிக்கிறார்கள் என்று தலைவர் என் காதில் விளக்கினார். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக் கையசைத்தோம்.

கோடை முழுக்கப் பாலம் வளர்ந்தது. பத்து வருட வரிவிலக்கு கையெழுத்தானது. தலைவர் ஒலிநாடா வைத்து ஜெர்மன் படித்தார். வீட்டில் டார்லா காரணமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தாள். மேற்கொண்டு கேட்டால், "தொழிற்சாலை விஷயத்த வீட்ல பேசக் கூடாது" என்றாள்.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி பூமி வெட்டும் விழா. அக்டோபரில் எங்கள் களிமண் காய்ந்து பாறையாகக் கிடக்கும். தங்க வர்ணம் பூசிய மண்வெட்டி வளைந்துவிடும். அதனால் பக்கத்து மாவட்டத்திலிருந்து இளகிய மணல் வரவழைத்து, நீளமான மரப்பெட்டியில் நிரப்பி, பிரமுகர்கள் வெட்டுவதற்கு வைப்பது வழக்கம். மன்றத்தின் கொள்கைப்படி மண்ணும் வெளியிலிருந்துதான் வரும். பள்ளிக்கூட பாண்டு வாத்தியம், கெளுத்தி மீன் வறுவல், பெக்கான் கொட்டை இனிப்பு, இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்கள், மாநிலத் தலைநகரிலிருந்து ஒரு துணைச் செயலர். பாதிரியார் எழுந்து, உலகத்துக்கு ஒளி தந்த ஆண்டவர் பேட்டரிக்கும் ஆசி தரவேண்டும் என்று மனமுருகி ஜெபித்தார்.

தலைவர் ஒலிபெருக்கியில் முழங்கினார்: "குட்டன் டாக்! டக்கெட் மாவட்டம் தூங்கிட்டிருந்த காலம் முடிஞ்சுபோச்சு! கடல் தாண்டி வந்திருக்கற நம்ம புது நண்பர்கள் யாருன்னு இப்ப எனக்கே தெரியப்போவுது!"

கேல் மெல்ல அவர் தோளில் கை வைத்து ரோட்டோரத் தார்ப்பாயிடம் நடத்திக்கொண்டு போய், கயிற்றைக் கையில் கொடுத்தார். பாண்டு முழங்கியது. தலைவர் இழுத்தார். தார்ப்பாய் சரிந்தது.

உதிர்ந்த பச்சை வர்ணம். ஒரு வெண்டைக்காய். 'டென்சன் ஊறுகாய், 1961 முதல்.'

பாண்டில் டிரம் அடித்த பெண் மட்டும் இரண்டு அடி கூடுதலாக அடித்துவிட்டு நிறுத்தினாள்.

"தப்பான தார்ப்பாய இழுத்துட்டேன் போலிருக்கு" என்றார் தலைவர், ஒலிபெருக்கியை அணைக்காமலே. "இன்னொன்னு எங்க?"

"இதுதாங்க" என்றார் கேல். நான் அறிந்தவரை அவர் முழுசாக முடித்த முதல் வாக்கியம்.

கூட்டத்திலிருந்து மிஸ் ஒலீட்டா நடந்து வந்தார். தலையில் வலை இல்லை, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. பின்னால் நூற்றுப் பதினெட்டுப் பேரும். முன்வரிசையில் டார்லா, எனக்குக் கண்ணடித்தாள்.

"மோசடி!" என்றார் தலைவர், இப்போது ஒலிபெருக்கியை மூடிக்கொண்டு. "ராஜாளி நீங்கதான்னு சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே, ஹோலிஸ். சொல்ல வந்தவர்கிட்டயும் காதப் பொத்திக்கிட்டீங்களாம்."

"அமிலம்னு எழுதியிருந்துதே!"

"வினிகர் பின்ன என்ன?"

"ஜெர்மன்..."

"எங்க தாத்தாவோட தாத்தா ஜெர்மனிதான். அதனால வேணும்னா ஆறுதல் பட்டுக்கங்க." அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "பதினோரு வருஷம் என் பேரச் சொல்லிக்கிட்டு, கையில ஊறுகாயோட வந்தேன். என்னை யாருன்னு நல்லாத் தெரிஞ்சதுதான் எனக்குத் தடங்கல். அதான் இந்தத் தடவை பேரு இல்லாம வந்தேன்."

அந்த நேரத்தில், இருபத்திரண்டு மைல் சுற்றாமல், புதுப் பாலத்தின்மேல் முதல் ஊறுகாய் லாரி ஹார்ன் அடித்தபடி வந்தது. நூற்றுப் பதினெட்டுப் பேரும் கைதட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது. டார்லா இனி டென்னஸிக்குப் போகவேண்டியதில்லை.

தலைவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பது அதற்கு அடுத்த அரை நிமிடத்தில்தான் தெரிந்தது. கேமராக்களைப் பார்த்தார். துணைச் செயலரைப் பார்த்தார். தங்க மண்வெட்டியை எடுத்தார்.

"நண்பர்களே! கடும் போட்டிக்கு நடுவுல, டென்னஸியோட போராடி, உலகப் புகழ்பெற்ற ஊறுகாய் நிறுவனத்த டக்கெட் மாவட்டத்துக்கு ஈர்த்துக் கொண்டாந்திருக்கோம்!"

எங்கள் ஆண்டறிக்கையில் அது 'நூற்று ஐம்பத்தெட்டுப் புதிய வேலைகள்' என்று பதிவாகியிருக்கிறது. மாநில அரசு எங்களுக்கு 'சிறந்த ஈர்ப்பு' விருது அளித்தது. விருதை வைக்க இடம் வேண்டி அலமாரியைத் திறந்தேன். உள்ளே டானர் தெரு ஜாடிகள் வரிசையாக நின்றன, ரசீது எண்ணோடு. எழுபத்தொன்று.

அன்று மாலை நல்ல கெட்டித் தாளாக எடுத்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். டார்லா எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு?"

"மன்றத்து விஷயம்."

அவள் படித்தாள். பிறகு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மொதல்ல இந்தப் பிழையத் திருத்து. அப்பதான் ஜெர்மன்காரன் எழுதின மாதிரி இருக்கும்."

அடுத்த கூட்டத்தில் 'திட்டம் சிட்டுக்குருவி' ஆய்வுக்கு வந்தது. கேல் அதைத் தன் பெயர் போட்ட தாளோடு இலவசமாகவே அனுப்பிவைத்தார். மிஸ் ஒலீட்டா ஒரு பெட்டி ஊறுகாய் கொடுத்திருந்ததாகக் கேள்வி. தேவை: புதிய குடிநீர்க் குழாய், நாற்பத்து மூன்று இணைப்புகள். செயல்பாடு: உணவு தயாரித்தல், துணி வெளுத்தல், எதிர்கால மனிதவளத்தை உருவாக்குதல். இயங்கும் நேரம்: இருபத்துநாலு மணி.

"மூணு ஷிப்ட்டு!" என்றார் தலைவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "பெரிய கம்பெனிதான். பேரு கேக்கல. பேரு கேக்கறது மரபு இல்ல. ஆனா டெல்மர், போன தடவ மாதிரி ஆயிடக் கூடாது. இவங்க உள்ளூர் இல்லையே?"

"இல்லீங்க. ரொம்பத் தூரத்திலேருந்து வர்றாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒன்பது நிமிடத்தில் நிறைவேறியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் இதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. டானர் தெரு எங்கள் அலுவலகத்திலிருந்து ஒன்றரை மைல். ஆறு வருஷமாகக் கையில் ஜாடியோடு நடந்தும் அவர்களால் எங்களிடம் வந்து சேர முடியவில்லை என்றால், அதைவிடத் தூரமான ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது?